பழைய புத்தகமும் தவறான புத்தகமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியின் நூலகப் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. நான் நூலக அறிவியல் படித்தவள் அல்ல, வகுப்பாசிரியை. அலமாரிகள் நிரம்பிவிட்டன. புதிதாக வாங்கினால் வைக்க இடமில்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்கிறார் ஒரு சக ஆசிரியர். எதையும் வீசக்கூடாது, வேண்டுமானால் வசதியில்லாத பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கும் புத்தகத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு யோசனைகளிலும் ஒரு வசதி இருக்கிறது: எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆண்டை வைத்துக் கழிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மையிலேயே உதாரணம் உண்டு. 2023இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பீல் வட்டாரப் பள்ளிகளில் 2008ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் வெளியான புத்தகங்கள் மொத்தமாக எடுக்கப்பட்டதாகப் புகார் கிளம்பியது. விடுமுறை முடிந்து வந்த மாணவர்கள் பாதி காலியான அடுக்குகளைப் பார்த்தார்கள். ஆண்டை மட்டும் பார்த்து எடுக்கச் சொல்லவில்லை என்றது நிர்வாகம். கடைசியில் மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்டு நிறுத்தச் சொன்னார். நிர்வாகம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழிகாட்டுதல் எத்தனை பக்கம் இருந்தாலும், அவசரத்தில் வேலை பார்ப்பவர் மனதில் நிற்பது அதிலுள்ள ஒரே ஒரு எண்தான்.

ஆண்டு பயனே இல்லாதது என்று சொல்லவில்லை. சிறிய நூலகங்கள் புத்தகம் கழிப்பதற்கென்று 1976இல் அமெரிக்காவின் டெக்சாஸில் வகுக்கப்பட்ட 'க்ரூ' (CREW) என்ற முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது துறைக்கு ஒரு கெடு வைக்கிறது. கணினி நூல்களுக்கு மூன்று ஆண்டு, மருத்துவத்துக்கு ஐந்து. கதைப் புத்தகத்துக்கு வெளியான ஆண்டு பொருட்டே இல்லை, அண்மையில் யாராவது எடுத்துப் படித்தார்களா என்பதுதான் கேள்வி. கெடு தாண்டிவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை, கையில் எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கும். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் அச்சிட்டு வந்தார்கள். அது 46 என்று 1956இல்தான் தெளிவானது. 2006க்கு முந்தைய வானியல் நூல்களில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருக்கும். வியாழனுக்குப் பன்னிரண்டு நிலவுகள் என்று சொல்லும் புத்தகம்கூட உங்கள் அலமாரியில் கிடக்கலாம். இன்றைய கணக்கு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இன்னொன்று கேளுங்கள். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவுக்கு 2019இல் நூர்-சுல்தான் என்று பெயர் மாற்றினார்கள், 2022இல் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள். ஆக, 2015இல் அச்சான அட்லஸில் அந்த ஊர்ப் பெயர் சரி, 2020இல் அச்சானதில் தவறு! பதினைந்து வருடக் கணக்குச் சொல்லும் உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

புளூட்டோ விஷயத்தில் ஒரு மாணவி ஏமாந்தால் ஒரு மதிப்பெண் போகும். முதலுதவி நூல்களில் விஷயம் வேறு. பாம்பு கடித்த இடத்தைக் கீறு, வாயால் உறிஞ்சு, மேலே இறுக்கிக் கட்டு என்று பழைய கையேடுகள் படம் போட்டு விளக்கியிருக்கும். இவை காயத்தையும் பாதிப்பையும் கூட்டத்தான் செய்யும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே இன்று மருத்துவர்கள் சொல்வது. பெரியவர்கள் ஒரு நூலைக் கையில் எடுத்தால் எப்போது வந்தது, யார் எழுதியது என்று ஓரளவு பார்ப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை பார்க்காது. பள்ளி நூலகத்தில் இருக்கிறது என்பதே அதற்குப் போதுமான சான்று. அந்த நம்பிக்கையை நாம்தான் கொடுத்திருக்கிறோம், அதற்கு ஏற்றபடி அடுக்கைப் பராமரிக்கும் கடமையும் நம்முடையதுதான்.

கவனமாக நடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு கதையில் பெண்கள் சமையலறையை விட்டு வெளியே வருவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாம்புக்கடிக் கையேட்டைப் போல இதையும் 'காலாவதி' என்று எடுத்துவிடலாமா? நான் எடுக்க மாட்டேன். தகவல் பிழை என்பது வேறு, பழைய காலத்துப் பார்வை என்பது வேறு. பார்வைக்காகக் கழிக்கத் தொடங்கினால், யாருக்கு எது பிடிக்கவில்லையோ அது போகும், அடுத்த வருடம் வேறொருவர் வந்து மிச்சத்தை எடுப்பார். பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று 'தகவலாக' எழுதிய பொது அறிவு நூல் என்றால் தயங்காமல் எடுங்கள், அது தகவலாகவே பொய். இந்த வித்தியாசம் கைவர ஒரு வழி: எடுக்கும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்று எழுத முடிந்தால் சரி. 'ஒருவர் ஆட்சேபித்தார்' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தப் புத்தகம் அடுக்குக்கே திரும்பட்டும்.

எதையும் எடுக்கக்கூடாது என்பவருக்கு: நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இறுகச் செருகிய அடுக்கில் நல்ல புத்தகம் இருந்தும் பிள்ளைகள் கண்ணில் படாது. பிதுங்கும் வரிசையிலிருந்து ஒன்றை உருவுவதே அவர்களுக்குச் சிரமம், இரண்டு முறை முயன்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அவருடைய தானம் யோசனைதான் எனக்கு உண்மையில் கோபம் வரவைத்தது. உங்கள் மாணவருக்கு ஆகாத முதலுதவி நூல், வசதியில்லாத பள்ளியின் மாணவருக்கு மட்டும் எப்படி ஆகும்? கூடுதல் பிரதிகளையும் நல்ல நிலையிலுள்ள கதைப் புத்தகங்களையும் தாராளமாகக் கொடுங்கள், அதுவும் அவர்கள் பட்டியலைப் பார்த்துக் கேட்டால். பிழையானவை முத்திரை குத்தப்பட்டு, பதிவேட்டில் நீக்கப்பட்டு, காகிதக் கூழுக்குத்தான் போக வேண்டும். பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், வட்டார வரலாறு, வேறெங்கும் கிடைக்காத பதிப்பு இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சோவியத் யூனியன் உள்ள அட்லஸ் ஒன்றிருந்தால் அதையும் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள், பாடம் நடத்த உதவும். மேலே '1991க்கு முந்தையது' என்று பெரிதாக ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே விடுமுறையில் முடிக்கப் பார்க்காதீர்கள். மாதம் ஓர் அடுக்கு போதும். பொறுப்பைக் கொடுத்த தலைமையாசிரியரிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் தணிக்கையில் கேள்வி வந்தால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்காது. முதலுதவி, உடல்நலம் அடுக்கை மட்டும் நாளைக்கே பார்த்துவிடுங்கள்.