ஜூன் மாதத்து அடகுச் சீட்டு

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறோம். கணவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை, நான் வீட்டில் தைக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 34,000 ரூபாய் வரும். மகள் தனியார் பள்ளியில் ஐந்தாவது. ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் வருடம் ஒரு லட்சம். பாதியைச் சம்பளத்தில் கட்டி, மீதிக்கு ஜூனில் நகையைத் திருப்பி வைக்கிறோம். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடவே தருகிறார்கள். கடன் 2,40,000, வட்டி 12 சதவீதம். ஆறாவதுக்கு அரசுப் பள்ளி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாத்தனார், "எங்கள் பிள்ளைகள் படிக்கிற இடத்திலேயே போடு" என்கிறார். ஏஜென்ட் ஒருவர் குழந்தைகள் கல்வி பாலிசி எடுக்கச் சொல்கிறார்.

பதில்: பாலிசியை விடுங்கள். 12 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு, அதில் பாதியளவு கூடக் கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்குப் பிரீமியம் கட்டுவதில் ஏஜென்டுக்குத்தான் லாபம்.

விலை ஏறியதால் கூடக் கிடைப்பதை வருமானம் போல எடுத்துக்கொள்கிறீர்களே, அதுதான் சிக்கல். அது கடன்தான். வட்டி மட்டுமே வருடம் 28,800 போகிறது. ஃபீஸ் ஏறாது என்று வைத்தாலும் பன்னிரண்டாவது வரை இன்னும் 7 லட்சம். ஃபீஸ் ஏறாத பள்ளியை நான் பார்த்ததில்லை.

அரசுப் பள்ளி என்றால் சம்பளத்தில் கட்டும் 50,000-மும் இந்த வட்டிப் பணமும் சேர்ந்து 78,800. நோட்டு, சில்லறைச் செலவு போக மாதம் 6,000 கடனுக்குக் கட்டலாம். நாலேகால் வருடத்தில், மகள் பத்தாவது படிக்கும்போது, நகை வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த முறை திருப்பும்போது ஒரு ரூபாய் கூட அதிகம் வாங்காமல், தனித்தனிச் சீட்டாகப் போடச் சொல்லுங்கள். சின்ன உருப்படியை முதலில் மீட்கலாம்.

சரி, எந்தப் பள்ளி? பெயர்ப்பலகையைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடும். பிளஸ் ஒன்னுக்குத் தனியாரிடம் போனால், கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கு 2021-லும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐந்தாவது முடிகிற இந்த வருடமே முடிவெடுக்கச் சொல்வதும் அதனால்தான். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வேறு.

ஆக, மேல்நிலைப் பள்ளிகளாக இரண்டு மூன்றைப் பாருங்கள். கோட்டைப் பக்கம் பெண்கள் பள்ளி இருக்கிறது. பிள்ளைகளுக்கு பஸ் இலவசம், வேன் காசு மிச்சம். பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப், கணக்கு, இயற்பியல் ஆசிரியர் இடம் காலியா, ஆங்கில வழிப் பிரிவு உண்டா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். கழிப்பறை எப்படி என்பதைச் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் நிற்கும் அம்மாக்கள் சொல்வார்கள். தேர்ச்சி ஃபிளெக்ஸை நம்பாதீர்கள்.

நாத்தனாரிடம் கணக்குச் சொல்லி வாதாட வேண்டாம், ஜெயிக்க முடியாது. அவர் தம்பியை உட்கார வைத்து அடகுச் சீட்டைக் காட்டுங்கள். அவர் அக்காவிடம் அவரே பேசட்டும். நீங்கள் ஏப்ரலிலேயே டிசி கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.