பாக்டீரியா உயிர்ப்படலத்தைக் கட்டுப்படுத்திப் பொறியியலில் பயன்படுத்த முடியுமா?

கேட்டிருப்பவர் இறுதியாண்டு மாணவர். இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்று தயங்குகிறார். பினாங்கில், பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் நீர்ப் பராமரிப்பைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். எங்கள் வளாகத்தின் ஒரு மூலையில், குளிர்விப்புக் கோபுரத்தில் அந்தப் படலத்தை ஒழிக்கப் படாதபாடு படுகிறோம். மறுமூலையில், கழிவுநீர்த் தொட்டியில், கழிவைத் தின்று நீரைச் சுத்தப்படுத்துவதற்காக அதையே பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்.

ஒழிப்பதுதான் கடினம். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டியதும், சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் கலந்த கோழையைச் சுரந்து அதற்குள் குடியேறிவிடுகின்றன; அதுதான் உயிர்ப்படலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்டென்சரின் (கோபுரத்து நீர் ஓடி வெப்பத்தை வாங்கிச்செல்லும் குழாய்த் தொகுதியின்) திறன் குறைவதைக் கண்டு குளோரின் அளவை இரட்டிப்பாக்கினேன். நீரைச் சோதித்தால் பாக்டீரியா மிகக் குறைவு, திறனோ தேறவில்லை. மூடியைக் கழற்றிக் குழாய்க்குள் விரலை விட்டபோது விலாங்கு மீனின் தோலைப் போல் வழுக்கியது. நகத்தால் சுரண்டியதும் பழுப்பாகத் திரண்டு வந்தது. குளோரின் மேலடுக்கிலேயே செலவழிந்துபோக, அடியில் இருந்தவை பத்திரமாகப் பிழைத்திருந்தன. கோழையில் பெரும்பங்கு நீர்தான் என்பதால் அதன் வெப்பங்கடத்துதிறனும் நீரினுடையதைப் போன்றதே. அதே தடிமனுள்ள சுண்ணாம்புப் படிவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தடை. இப்போதெல்லாம் கோழையைத் தளர்த்தும் மருந்தை முதலில் விட்டு, அதன்பிறகே குளோரின் விடுகிறேன். இயந்திரத்தை நிறுத்தும் நாளில் குழாய்களுக்குத் தூரிகையும் உண்டு. குளிர்காலமே இல்லாத நம் ஊரில் கோபுரத்து நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கு இந்தப் படலம் நல்ல புகலிடம் என்பதால், மின்கட்டணத்துக்காக மட்டும் செய்யும் வேலையன்று இது.

வளர்க்கும் தொட்டியில் சிறு சக்கரங்களைப் போன்ற நெகிழித் துண்டுகள் மிதந்து சுழல்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்தால், ஒன்றோடொன்று உரசுவதால் வெளிப்புறம் வெறுமையாகவும், உள்ளறைகளில் மட்டும் பழுப்புப் படலம் பிடித்தும் இருக்கும். இவ்வகைத் துண்டுகளில் பரவலாகப் புழங்கும் ஒன்று, ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் அளவுக்கு இத்தகைய உட்பரப்பைத் தருகிறது. படலம் தடித்துவிட்டால் ஆக்சிஜன் அடிவரை எட்டாது. மேலடுக்கு மட்டும் உழைக்க, அடி செத்துத் தகடாக உரியும். ஆகவே இங்கே கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் காற்றைக் கூட்டிக் குறைப்பதுதான். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத் துண்டுகளைப் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பாக்டீரியாக்கள் வேதிச் சைகைகளால் தம் கூட்டத்தின் அளவை அறிந்து நடந்துகொள்வதற்கான தொடக்கச் சான்று, 1970-இல் ஒளிரும் கடல் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது கிடைத்தது. அந்தச் சைகைகளைச் சிதைத்து, கழிவுநீரை வடிகட்டும் சவ்வுகளில் படலம் படிவதைத் தள்ளிப்போடலாம் என்று தென்கொரிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அழகான வழிதான், ஆனால் எங்கள் தொழிற்சாலையில் இன்றும் காற்றும் தூரிகையும்தான் கருவிகள்.

உங்கள் ஆய்வுக்கு இரண்டு வாளிகள், மீன்தொட்டிக் காற்றுப் பம்புகள், கொஞ்சம் துண்டுகள் போதும். ஒரே கழிவுநீரை ஊற்றி, காற்றை மட்டும் மாற்றுங்கள். வாரந்தோறும் பத்துத் துண்டுகளை எடுத்து 105 பாகை செல்சியஸில் உலர்த்தி எடை பார்த்து, படலத்தைக் கழுவி உலர்த்தி மீண்டும் எடை பாருங்கள். வாளிகளை வீட்டுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். பம்பு ஓர் இரவு நின்றாலே நாற்றம் தாங்காது.