மதகும் மாகாண சபையும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் மாரி தொடங்கினால் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கிறது. மதகு அடைபட்டு மூன்று வருடமாகிறது. கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பாராளுமன்ற உறுப்பினர், ஆளுநர் என்று நான்கு பேருக்கு மனுக் கொடுத்துவிட்டேன், பலனில்லை. பிரதேச சபை உறுப்பினர்கள் வீதி விளக்குப் பூட்டும்போது படம் எடுத்து முகநூலில் போட மட்டும் வருகிறார்கள். கட்டாக்காலி நாய்களால் பிள்ளைகள் ரியூசனுக்குப் போக முடியவில்லை. வட மாகாண சபை இருந்த ஐந்து வருடத்தில் தீர்மானம் போட்டதைத் தவிர என்ன நடந்தது? இப்போது ஆளுநரும் அதிகாரிகளும் நன்றாகத்தானே நடத்துகிறார்கள்? மாகாண சபையும் வேண்டாம், பிரதேச சபையும் வேண்டாம், இனி எந்தத் தேர்தலிலும் வாக்களிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உங்கள் கருத்து என்ன?

(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வலிகாமம்)

பதில்: ஐயா, கடிதத்தோடு நான்கு மனுக்களின் பிரதிகளையும் இணைத்திருந்தீர்கள். நான்கையும் வாசித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. திகதி, விலாசம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. குறை ஒன்றுதான். அந்த மதகைத் திறக்கவேண்டிய கடமை உடையவர் எவருக்கும் நீங்கள் எழுதவில்லை.

சென்ற கிழமை உங்கள் பக்கம் ஒரு மரணச் சடங்குக்கு வந்தபோது அந்த ஒழுங்கையையும் நடந்து பார்த்தேன். ஒழுங்கை பிரதேச சபைக்கு உரியது. அது கிராம அலுவலருக்கோ பிரதேச செயலாளருக்கோ உரியதன்று. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கிளை. பிரதேச சபை நீங்கள் வாக்களித்து அமைத்த உள்ளூராட்சி மன்றம். இரண்டின் பெயரிலும் 'பிரதேச' என்ற சொல் இருப்பதால் படித்தவர்களே இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறார்கள். ஒழுங்கை முடிவில் உள்ள மதகு, குறுக்கே ஓடும் பெரிய வீதிக்குக் கீழே இருக்கிறது. அந்த வீதி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. இதை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; அந்தப் பெயர்களை வைத்தவர்கள் மக்களைக் குழப்புவதற்கென்றே வைத்தார்களோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. மதகைத் தாண்டிய வெள்ளம் போய்ச் சேரும் வயற்குளமோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஒழுங்கையிலிருந்து குளம்வரை நானூறு யார் தூரம்கூட இராது. அதற்குள் உரிமையாளர் மூவர். சபை துப்புரவாக்கினால் மதகில் நிற்கும், மதகைத் திறந்தால் குளத்துவாயில் நிற்கும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையே அராலிப் பக்கம் கடனீரேரிவரை இடறில்லாமல் போகவிடத் தெரியாத நமக்கு, இந்த நானூறு யார் பெரிய தூரந்தான்.

இன்னொன்றையும் கண்டேன், சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்ட கருத்து அரைக் கருத்தாகிவிடும். ஒழுங்கையின் இடப்பக்கத்து வெள்ளவாய்க்காலில், படலைக்குப் படலை கார் ஏறுவதற்குக் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள். சிலர் கீழே ஆறு அங்குலக் குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பலர் அதுவும் வைக்கவில்லை. உங்கள் மனுவில் உள்ள விலாசத்தைப் பார்த்துப் பச்சைப் படலை கண்ட இடத்தில் குனிந்து பார்த்தேன், ஐயா. குழாய் இல்லை. மதகின் வாயில் இளநீர்க் கோம்பை, சோடாப் போத்தல், பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பர்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. இவை கொழும்பிலிருந்து வரவில்லை.

இனி மாகாண சபைக்கு வருவோம். 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். நானூறுக்கு மேற்பட்ட தீர்மானங்களை நிறைவேற்றிய அந்தச் சபை, இயற்றிய நியதிச் சட்டங்களோ, அதாவது மாகாணத்துக்கான சட்டங்களோ, அதனருகே வைத்துப் பார்க்க மிகச் சிலவே என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 2017 இல் அமைச்சர்கள் மீதான விசாரணையைத் தொடர்ந்து, முதலமைச்சருக்கு எதிராக அவருடைய பக்கத்து உறுப்பினர்களே ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கையளித்த நாட்களில், சபை கூடிய கைதடியில் நடந்ததை ஆட்சி என்று சொல்ல நாக்கூசும். ஆனால் அதே சபை முதல் ஓராண்டுக்கு மேல், ஜனாதிபதி நியமித்த ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவரை ஆளுநராக வைத்துக்கொண்டே இயங்க வேண்டியிருந்தது என்பதையும், வரி விதிப்பது தொடர்பான நியதிச் சட்டம் ஒன்றைச் சபையில் கொண்டுவருவதற்கே ஆளுநரின் விதப்புரை வேண்டும் என்று 1987 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்பதையும், பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திறமைக் குறைவும் இருந்தது, கைக்கட்டும் இருந்தது. கைக்கட்டைக் காரணம் காட்டித் திறமைக் குறைவை மறைத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தச் சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடுத்த சபை இல்லை. ஏன் இல்லை என்ற கதை நம் வாசகர்களில் பலருக்கே தெரியாது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையைத் தொகுதிவாரியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக்கும் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. நம் பிரதிநிதிகளும் ஆதரித்துக் கையுயர்த்தினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வகுக்கப்பட வேண்டும். வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். பழைய முறையைச் சட்டம் நீக்கிவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. கதவைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் போட்டது போன்ற இந்த ஏற்பாட்டால், வடக்கு மட்டுமன்றி ஒன்பது மாகாணங்களும் சபையில்லாமல் கிடக்கின்றன. தெற்கில் அதைப் பெரிய இழப்பாக எண்ணுவோர் அதிகமில்லை. 1987 இல் இந்திய இலங்கை உடன்படிக்கையின் பின் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தால் வந்த இந்தச் சபைகள் நம்மை முன்னிட்டு வந்தவை. அவை இல்லாமற்போனதைப் பற்றி முதலில் கேட்கவேண்டியவர்களும் நாமே.

ஆளுநர் நன்றாக நடத்துகிறார் என்கிறீர்கள். இருக்கட்டும், ஆளுநரின் நற்குணத்தைப் பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி, நீக்குபவரும் ஜனாதிபதி. உங்கள் மதகு திறக்கப்படாவிட்டால் அவரை நீங்கள் என்ன செய்ய முடியும்? மனுக் கொடுக்கலாம், கொடுத்தும்விட்டீர்கள். முதலமைச்சர் ஒருவர் இருந்தால், வீதித் திணைக்களத்துக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் ஒருவர் இருந்தால், உங்கள் வாக்குக்காகவேனும் உங்கள் படலையடிக்கு ஒரு தடவை வந்தாக வேண்டும். பிரதேச சபைகளை மேற்பார்வை செய்யும் உள்ளூராட்சித் திணைக்களம் மாகாணத்துக்கு உரியது. காணி உறுதி முடிக்கும்போது நீங்கள் கட்டும் முத்திரைத் தீர்வை மாகாணத்தின் ஊடாகவே உங்கள் சபைக்கு வந்து சேருகிறது. சபை ஊழியர் சம்பளத்துக்கும் அவ்வழியே பணம் வருகிறது. நடுவில் உள்ள இந்தத் தட்டு மக்கள் பிரதிநிதி இல்லாமல் கிடப்பதால்தான், ஒரு மதகின் கதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போய், அங்கே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பொறியியலாளர் ஒருவரை அதட்ட, அந்த ஒளிப்பதிவை ஊரெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துச் சிரிக்க, மதகு மட்டும் அடைபட்டபடியே இருக்கிறது. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் மதகு பார்க்கிறார். மதகு பார்க்க ஒருவரை அனுப்பும் தேர்தல்தான் நடப்பதில்லை.

பிரதேச சபையும் வேண்டாம் என்பதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை, ஏனெனில் நீங்கள் விரும்பியதை நாடு செய்து பார்த்துவிட்டது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலைப் பணமில்லை என்று அரசு நிறுத்தியது. அப்படி நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதிதான் வாக்களித்தோம். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், படம் எடுக்க ஓர் உறுப்பினரும் இல்லாமல், அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். உங்கள் மதகு மூன்று வருடமாக அடைபட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

உறுப்பினர்கள் மீதான கோபத்தில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கலப்பு முறை வந்ததோடு உறுப்பினர் தொகை நாடு முழுவதும் ஏறக்குறைய இரு மடங்காகியது. வேலை இரு மடங்காகவில்லை. எந்தக் கட்சிக்கும் தெளிவான பெரும்பான்மை கிடைக்காத சபைகளில் தவிசாளர் தெரிவே பேரம் பேசும் சந்தையாகிறது. யாழ்ப்பாண மாநகர சபையில் சென்ற ஆட்சிக் காலத்தில் வரவு செலவுத் திட்டம் தோற்று முதல்வர்கள் மாறிமாறிப் போனதை நாம் பார்த்தோம். ஆனால் உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரை உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. ஆளுநரின் பெயர் முதலெழுத்துகளோடு இருக்கிறது, உங்கள் ஒழுங்கைக்குப் பொறுப்பானவர் 'அவர்கள்' என்ற பன்மைக்குள் போய்விட்டார். சபையின் மாதாந்தக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போயிருந்து பார்க்கலாம் என்பது தெரியுமா? நான் ஒரு தடவை போனேன். மக்களுக்கென்று போட்டிருந்த பன்னிரண்டு கதிரைகளில் நான் ஒருவன். இன்னொன்றில் ஓர் உறுப்பினரின் குடை இருந்தது. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ள 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடமளிக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த நம் ஊர்களில் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நாய்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பதிவும் கட்டுப்பாடும் சபையின் வேலைதான். குட்டிகளைச் சந்தியில் கொண்டுபோய் விடுவது சபையின் வேலையன்று. அவ்வளவே சொல்வேன்.

வாக்களிப்பதில்லை என்ற முடிவு உங்கள் உரிமை. அதை மாற்றும்படி கெஞ்ச இந்தப் பக்கம் நடத்தப்படவில்லை. ஆனால் மாகாண சபைத் தேர்தல் என்ற ஒன்றே இல்லாதபோது அதில் வாக்களிக்க மாட்டேன் என்று சூளுரைப்பது, கடை பூட்டியிருக்கையில் கடன் வாங்க மாட்டேன் என்பதைப் போன்றது. தேர்தலைத் தள்ளிப்போடுபவர்களுக்கு உங்கள் முடிவைவிட இனிப்பான செய்தி வேறு இருக்க முடியாது. வடக்கில் கேட்பாரில்லை என்று அவர்கள் இனி உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஐந்தாவது மனுவைப் பிரதேச சபைச் செயலாளருக்கும் தவிசாளருக்கும் எழுதி, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களப் பொறியியலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதி அனுப்புங்கள். நேரே கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுமொழி வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த மதகுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லியாக வேண்டும். சோலை வரி நிலுவை இருந்தால் அதற்கு முன் கட்டிவிடுங்கள். ஆண்டு முழுவதற்கும் உரியதை ஜனவரி 31 ஆம் திகதிக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவும் உண்டு. பற்றுச்சீட்டோடு போகிறவரிடம் எழுதுவினைஞர் பேசும் குரல் வேறு.

அதற்கிடையில் பச்சைப் படலைக்கு முன்னால் உள்ள கொங்கிறீற்றை உடைத்து ஒன்பது அங்குலக் குழாய் ஒன்று போடுங்கள். ஒரு மேசனுக்கும் ஒரு கூலியாளுக்கும் அரை நாள் வேலை. முத்திரை குத்திய மனுவின் பிரதியும் குழாயின் படமும் வந்து சேர்ந்தால் அடுத்த இதழில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகிறேன். சபை மறுமொழி அனுப்பினால் அதற்கும் இடம் வைப்பேன்.