எந்தப் பொன்னம்பலம்? எந்தக் குமாரசுவாமி? – வாசகர் கேள்வி பதில்

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட பொன்னம்பலம் என்று என் மகன் பாடசாலை ஒப்படையில் எழுதியிருக்கிறான். சரியா? – ஒரு தாய், வெள்ளவத்தை

இல்லை அம்மா, அவர் வேறு, இவர் வேறு. கோயிலைக் கட்டியவர் பொன்னம்பல முதலியார். கோயில் எழுந்தது 1857இல், முதலியார் காலமானது 1887இல். 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கி, ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சிறுபான்மையினருக்கு அரசுச் சபையில் பாதி இடங்கள் கேட்ட ஜி. ஜி. பொன்னம்பலம் பிறந்ததே 1901இல்தான். இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள்: இன்று நாம் கும்பிடுகிற கருங்கல் கோயில் முதலியாருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் திருப்பணி தொடங்கி 1912இல் கும்பாபிஷேகம் செய்வித்தது. தகப்பன் கட்டியதை மகன் கல்லாக்கினார். ஒருமுறை கூட்டிப்போய் அந்தத் தூண்களைக் காட்டுங்கள், பிறகு அவன் ஆளை மாற்றி எழுத மாட்டான்.

பிள்ளையில் பிழை இல்லை. 'பொன்னம்பலம் இராமநாதன்' என்பதில் பொன்னம்பலம் தகப்பன் பெயர். 'ஜி. ஜி. பொன்னம்பலம்' என்பதில் அது அவருடைய சொந்தப் பெயர். 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற குமார் பொன்னம்பலத்துக்கு அதே சொல் மறுபடி தகப்பன் பெயர், ஆனால் வெள்ளைக்காரர் வழக்கப்படி பின்னால் போய்விட்டது. யார் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பாராமல் வாசித்தால் மூன்று பேரும் ஒரே வீட்டு ஆட்களாகத்தான் தெரிவார்கள். சிதம்பரத்துப் பொற்சபையின் பெயர் என்பதால் சைவ வீடுகளில் அந்தப் பெயருக்குக் குறைவே இருந்ததில்லை.

கொழும்பு 7இல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை இருக்கிறதே, அந்தக் குமாரசுவாமிதான் சட்டநிரூபண சபையில் இருந்தவரா? – ஒரு வாசகர், பம்பலப்பிட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலை ஆய்வாளரான ஆனந்த குமாரசுவாமி சட்டநிரூபண சபையில், அதாவது பிரித்தானியர் காலத்துச் சட்டசபையில், இருந்ததே இல்லை. ஆனால் அந்தச் சபையில் ஒன்றல்ல, மூன்று குமாரசுவாமிகள் இருந்தார்கள், மூவரும் இவருடைய சொந்தக்காரர். முதலாமவர் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார், 1835இல் சபைக்குப் போனவர், 1836இல் இறந்துவிட்டார். இரண்டாமவர் அவருடைய மகனும் ஆனந்தவின் தகப்பனுமான சேர் முத்து குமாரசுவாமி, 1862 முதல் 1879இல் இறக்கும்வரை உறுப்பினர். மூன்றாமவர் பொன்னம்பலம் குமாரசுவாமி, 1893இலிருந்து 1898வரை இருந்தார். இவர் மேலே சொன்ன கோயில் கட்டிய முதலியாரின் மூத்த மகன், இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தமையன், முத்து குமாரசுவாமிக்கு மருமகன்.

இப்போது பெயர்களைப் பாருங்கள். முதலாமவருக்குக் குமாரசுவாமி சொந்தப் பெயர். முத்துவுக்கு அது தகப்பன் பெயர். மூன்றாமவருக்கு மறுபடி சொந்தப் பெயர், அதுவும் அம்மப்பாவின் பெயர், ஏனென்றால் அவருடைய தாயார் அந்த முதல் குமாரசுவாமியின் மகள். ஆனந்தவுக்கோ அது அப்பப்பாவின் பெயர், இங்கிலாந்தில் வளர்ந்ததால் குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. தம்பி அருணாசலத்தின் பெயரும் வெறுமனே வந்ததல்ல, பொன்னம்பல முதலியாருடைய தகப்பன் பெயர் அருணாசலம். அதாவது அண்ணனுக்கு அம்மப்பா, தம்பிக்கு அப்பப்பா! பேரன் என்கிற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இந்த வழக்கத்தை நம்மவர்கள் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு குடும்பமே போதும்.

மனதை விட்டுப் போகாத ஒன்றும் உண்டு. முத்து 1834இல் பிறந்தவர், தகப்பன் போனபோது அவருக்கு இரண்டு வயது. அவருடைய மகன் ஆனந்த 1877இல் கொழும்பில் பிறந்தார், தகப்பன் போனபோது அவருக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. தகப்பன் முகம் நினைவில் இல்லாத இரண்டு பிள்ளைகள் அதே பெயரைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். ஆனந்த கடைசியில் அமெரிக்காவின் பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பாக இருந்து, 1947இல் அந்த நாட்டிலேயே காலமானார்.

அப்புறம், சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) இந்தக் குடும்பத்தவர் அல்ல. அவர் தமிழும் சம்ஸ்கிருதமும் கற்ற பெரும் புலவர். ஆனந்தவையும் சிலர் 'அ. குமாரசுவாமி' என்று சுருக்கி எழுதுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஊரையோ முழுப்பெயரையோ போட்டால் இரண்டு பேருக்குமே மரியாதை.

மன்னாரில் கத்தோலிக்கரைக் கொன்ற சங்கிலியனும் கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலியனும் ஒருவரா? வீட்டில் இதனால் பெரிய வாக்குவாதம். – ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

இருவர், இருவருமே யாழ்ப்பாண அரசர்கள். மன்னார்ச் சம்பவம் 1544இல், முதலாம் சங்கிலி காலத்தில் நடந்தது. இரண்டாம் சங்கிலி 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேராவிடம் சிறைப்பட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு மரணதண்டனை பெற்றார். நடுவில் 75 வருடம். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவராக்கிச் சொல்வதால்தான் உங்கள் வீட்டில் சண்டை. போதாக்குறைக்கு யாழ்ப்பாண அரசர்கள் முடிசூடும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள், அதனால் பட்டப்பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. மன்னாரில் உயிரிழந்தவர்களை உங்கள் வீட்டில் நினைப்பது நியாயம், கடைசி அரசனுக்காக மற்றவர் வருந்துவதும் நியாயம். ஒருவர் செய்ததை மற்றவர் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிலப்பதிகாரத்துக் கயவாகு எந்தக் கஜபாகு? – ஒரு மாணவர், தெமட்டகொட

இலங்கை மன்னன் முதலாம் கஜபாகு என்று கொள்வதே வழக்கம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. இரண்டாம் கஜபாகு பொலன்னறுவையை ஆண்டவர், 12ஆம் நூற்றாண்டு, அதற்குள் சிலப்பதிகாரம் பழைய நூலாகிவிட்டது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்குக் கயவாகு வந்ததாகக் காவியம் சொல்வதால், செங்குட்டுவனின் காலத்தையும் அதைப் பிடித்துச் சங்க காலத்தையும் கணக்கிட்டவர்கள் இந்த ஒரு பெயரின் மேல்தான் ஏறி நின்றார்கள். ஆளை மாற்றினால் கணக்கு ஆயிரம் வருடம் நகரும். காவியத்தில் வரும் ஒரு பெயரை மட்டும் நம்பி அவ்வளவு கட்டலாமா என்று கேட்கிற ஆய்வாளர்களும் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எங்கள் காணி உறுதிகளில் இரண்டே பெயர்கள் தகப்பன், மகன், பேரன் என்று மாறி மாறி வருகின்றன. யார் யார் என்று எப்படிப் பிரிப்பது? – ஒரு வாசகர், வத்தளை

திகதிப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் மனைவியின் பெயரைத் தேடுங்கள், ஆண்களின் பெயர் திரும்பத் திரும்ப வந்தாலும் மனைவியர் பெரும்பாலும் வேறு வேறு பெயர்க்காரர், சீதன உறுதி இருந்தால் அது இன்னும் நல்லது. வீட்டில் வயதான அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.