கவுனி அரிசி நல்லதுதானே, சர்க்கரை உள்ளவர் சாப்பிட்டால் என்ன?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். அப்பச்சிக்குச் சர்க்கரை நோய். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று விசேஷ வீடுகளில் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார். தடுக்கலாமா?

பதில்: கவுனி அரிசியின் கருநிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. தவிடும் நார்ச்சத்தும் இருப்பதால் பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் அதுவும் அரிசிதான், மாவுச்சத்துதான். அதைக் குழைய வேகவைத்து, சீனி, நெய், தேங்காய்ப்பூ சேர்த்துக் கிளறினால் அது இனிப்புப் பலகாரம். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். "நாட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற, நோய் இல்லாத ஒருவருக்கே சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். காலைக் காப்பியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

தடுப்பதைவிட, வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் கருவி இருந்தால் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆத்தா கத்துவதைவிட அந்த எண் அவரிடம் நன்றாகப் பேசும். விருந்தில் உபசரிப்பவர்கள் அன்பாகத்தான் வைப்பார்கள், குறை சொல்ல முடியாது. "ஒரு கரண்டி போதும்" என்று சொல்ல வேண்டியவர் இலையில் உட்கார்ந்திருக்கும் அவர்தான். அப்புறம், மாத்திரை அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.