எண்ணூர் ஸ்டேஷன்ல இறங்கி போர்ட்டைத் தேடாதீங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எண்ணூர் பத்திதான். அதனால சினிமா, ஜோசியம், முடி கொட்டுறது எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

சார், நான் மதுரை. எண்ணூர் போர்ட்ல ஒரு கம்பெனி இன்டர்வியூக்கு வந்தேன். எண்ணூர் ஸ்டேஷன்ல இறங்கி விசாரிச்சா டீக்கடைக்காரர் சிரிக்கிறாரு, போர்ட் இங்க இல்லப்பான்னு. அப்புறம் எதுக்கு சார் அந்தப் பேரு?
- இன்ஜினியரிங் முடிச்ச வாசகர், மதுரை

தம்பி, நீ இன்னும் ஒரு ஸ்டேஷன் உக்காந்திருக்கணும். எண்ணூர் தாண்டினதும் ரயில் கொசஸ்தலை ஆத்தைக் கடக்கும், அடுத்து அத்திப்பட்டு புதுநகர். போர்ட்டு, வட சென்னை அனல் மின் நிலையம் எல்லாம் அந்தக் கரைலதான், அங்கருந்தும் நடந்து போற தூரம் இல்ல. ஊர் இருக்கிறது முகத்துவாரத்துக்குத் தெக்கால: கத்திவாக்கம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எர்ணாவூர் இதெல்லாம். 2011-ல கத்திவாக்கம் நகராட்சியை சென்னை மாநகராட்சியோட சேத்தாங்க, அதனால இந்தக் கரை கார்ப்பரேஷன், அந்தக் கரை திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகா. நடுவுல ஓடுற தண்ணி மட்டும் ஒண்ணு. மின் நிலையத்து சாம்பல் போற பைப் அந்தக் கரைல ஒடஞ்சா வலை நாறுறது இந்தக் கரைல, மனு எழுதுறவன் எந்த ஆபீஸ் படியேறணும்னு அவனுக்கே குழம்பிடும்.

போர்ட் கதை சுருக்கமா. வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் முதல்ல இதை யோசிச்சாங்க. ஒடிசாவோட தால்ச்சர் சுரங்கத்துலருந்து ரயில்ல பாராதீப், அங்கருந்து கப்பல்ல எண்ணூர். 2001 ஜூன்ல ஆரம்பிச்சாங்க, நாட்டோட 12-வது பெரிய துறைமுகம், கம்பெனி சட்டத்துல பதிவு பண்ணி நடத்தின முதல் பெரிய துறைமுகமும் இதுதான். 2014-ல காமராஜர் பேரு வெச்சாங்க, 2020-ல மத்திய அரசு தன் பங்கை சென்னை துறைமுகத்துக்கே வித்துடுச்சு. பக்கத்துலயே காட்டுப்பள்ளி போர்ட் இருக்கு, அது எல் அண்ட் டி கட்டினது, 2018-லருந்து அதானி கைல. ரெண்டையும் குழப்பிக்காத, அடுத்த இன்டர்வியூக்கு உதவும்.

எங்க தாத்தா, வெள்ளைக்காரன் எண்ணூருக்கு காத்து வாங்க வருவான்னு சொல்வாரு. இப்ப அங்க மூக்கைப் பொத்திக்கிட்டுதான் போக வேண்டியிருக்கு. தாத்தா கதை விட்டாரா?
- வாசகி, தண்டையார்பேட்டை

தாத்தா கதை விடலம்மா. கடலும் கழிவெளியும் (ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்து பரந்து கிடக்கிற இடம்) சேர்ற இடம், படகு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், கோட்டைலருந்து ரொம்ப தூரமும் இல்ல. துரைமாருங்க லீவுக்கு வந்து தங்கின ஊர்தான் இது. ஆனா எண்ணூரை பட்டணத்தோட கட்டிப்போட்டது காத்து இல்ல, உப்பும் விறகும். பேசில் காக்ரேன்னு ஒரு வியாபாரி போட்ட கால்வாய் 1806 வாக்குல பட்டணத்தையும் எண்ணூரையும் இணைச்சுது. அப்புறம் அதை வடக்க ஆந்திரா பக்கமும் தெக்க மரக்காணம் வரைக்கும் இழுத்துக்கிட்டே போனாங்க. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல கூலிக்கு ஆள் வெச்சு நடுவுல விட்டுப்போன துண்டை வெட்டிச் சேத்தாங்க, அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை வெச்சாங்க. பட்டினியா இருந்தவன் வெட்டினது, பேரு மட்டும் பிரபுவோடது, நம்ம ஊர்ல இது ஒண்ணும் புதுசு இல்லையே. சவுக்கு விறகு, உப்பு, சுண்ணாம்புக்கு கிளிஞ்சல் எல்லாம் படகுல இந்த வழியாதான் பட்டணத்துக்குப் போச்சு. இப்ப அதே கால்வாய்ல என்ன போகுதுன்னு கீழ இறால் கேள்வில சொல்றேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா எதுக்கு அவ்ளோ கல்லு கொட்டி வெச்சிருக்காங்க? மெரினால மணல் நடக்க நடக்கத் தீரமாட்டேங்குது, இங்க மணலே இல்லையே?
- பைக்கில் சுத்தும் வாசகர், அம்பத்தூர்

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான் பாஸ். நம்ம கரையோரமா மணல் வருஷம் பூரா நகந்துக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் அப்படி ஆறு மாசம் இப்படி, கூட்டிக் கழிச்சுப் பாத்தா வடக்கதான் அதிகம் போகும். 1870-கள்ல சென்னை துறைமுகத்துக்கு கடலுக்குள்ள கல்சுவர் போட ஆரம்பிச்சதும் மணல் தெக்குப் பக்கமே தங்கிடுச்சு, அதான் உங்க மெரினா. வடக்க வர வேண்டிய மணல் வரல, ஆனா அலை சும்மா இருக்குமா, இருக்கிற மணலை எடுத்துக்கிட்டுப் போயிடும். ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர்னு குப்பம் குப்பமா கடல் தின்னுக்கிட்டே வந்துச்சு, வீடு போச்சு, ரோடும் போச்சு. அப்புறம் கல்லு கொட்டினாங்க, கடலுக்குள்ள குறுக்கால நீட்டு நீட்டா கல் தடுப்பும் போட்டாங்க. கொட்டின இடம் நிக்குது, அதுக்கு அடுத்த வடக்கு கரை அரிக்குது, அங்கயும் கல்லு கேக்குறாங்க. கல்லு மேல கட்டுமரத்தை இழுக்க முடியாது, வலை காயப்போட முடியாது. மெரினால சுண்டல் சாப்புடுறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அவன் நினைச்சதும் இல்ல.

இவ்ளோ கம்பெனி, ரெண்டு போர்ட், கரன்ட் எல்லாம் அங்கருந்துதான் வருது. அப்ப ஊர்க்காரங்க பணக்காரங்களாதானே இருக்கணும்? ஏன் எப்ப பாத்தாலும் போராட்டம்னு டிவில வருது?
- வாசகர், கோவை

அண்ணே, கோவைல மில்லு வந்தா ஊருக்கு வேலை வந்துச்சு, அந்த நினைப்புல கேக்குறீங்க. எண்ணூர்லயும் ஒரு தலைமுறைக்கு அப்படிதான் இருந்துச்சு. 1948-ல அசோக் மோட்டார்ஸ் வந்து அப்புறம் அசோக் லேலண்ட் ஆச்சு, திருவொற்றியூர்ல 1955-லருந்து என்ஃபீல்டு, தீப்பெட்டிக்கு விம்கோ (அந்தப் பேருதான் ஸ்டேஷன், மெட்ரோ ரெண்டுலயும் நிக்குது), 60-கள்ல மணலி ரிஃபைனரி. அதுல ஃபிட்டரா, வெல்டரா சேந்தவன் யூனியன்ல நின்னு பேசினான், வீடு கட்டினான், பிள்ளைய படிக்க வெச்சான். 1970-ல எண்ணூர் அனல் மின் நிலையம் வந்துச்சு, 450 மெகாவாட், 2017-ல மூடிட்டாங்க.

அதுக்கப்புறம் வந்தது எல்லாம் வேற ஜாதி தொழில். நிலக்கரி கப்பல்லருந்து கன்வேயர் பெல்ட்ல நேரா மின் நிலையத்துக்குப் போயிடுது, எல்என்ஜி, அதாவது திரவமாக்கிக் கொண்டு வர்ற எரிவாயு, பைப்ல போகுது, ஒரகடத்துல செய்ற கார் டிரெய்லர்ல வந்து கப்பல்ல ஏறுது. இதுல ஊர்க்காரன் கை பட வேண்டிய இடம் எங்க இருக்கு? செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லாரி கிளீனர், அதுவும் கான்ட்ராக்ட். நிலத்தைக் குடுத்தவன் கேட்டுக்கு வெளிய பாஸுக்கு நிக்கிறான். ராயபுரம் பக்கம் கரித்தூள் கொட்டுதுன்னு கோர்ட்டுக்குப் போயி, 2011-ல சென்னை துறைமுகத்துல நிலக்கரி இறக்குறதை நிறுத்தினாங்க, நியாயமான தீர்ப்புதான், நான் தப்பு சொல்லல. ஆனா அந்தக் கரி எங்க வந்துச்சு? இங்கதான். நகரத்துக்கு வேணும் ஆனா பக்கத்துல வேணாம்னு தோணுற எல்லாத்துக்கும் எண்ணூர்னு ஒரு விலாசம் வெச்சிருக்கோம், போராட்டம் அதனாலதான்ணே. எனக்கு வளர்ச்சி மேல கோவம் இல்ல, ஆனா ஆத்தை நம்பி பொழச்சவனோட வருமானத்தை எந்த புராஜெக்ட் ரிப்போர்ட்லயும் ஒரு தொழிலாவே எழுதலையே, அந்தக் கோவம் எனக்கு இருக்கு.

எண்ணூர் இறால்னா அந்தக் காலத்துல தனி ருசின்னு மாமியார் சொல்றாங்க. இப்ப வாங்கலாமா சார்?
- வாசகி, பெரம்பூர்

மாமியார் சொன்னது சரிம்மா. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குற இடத்துல வளர்ற இறாலுக்கு ருசியே வேற. பிடிக்கிறவங்களைப் பாத்தா இன்னும் ஆச்சரியமா இருக்கும். இருளர் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில குனிஞ்சு, பறின்னு ஓலைல பின்னின கூடைய வாயால கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துக்குள்ள விட்டுத் தடவுவாங்க, விரல்ல இறால் தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து அப்படியே பறிக்குள்ள போட்டுடுவாங்க. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. அந்த விரலுக்கு சேறு எது இறால் எதுன்னு தெரியும்.

இப்ப அந்த சேறு இருக்கிற இடத்துல என்ன இருக்குன்னு கேளுங்க. அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரிச்ச சாம்பலைத் தண்ணில கரைச்சு பைப்ல சாம்பல் குளத்துக்கு அனுப்புறாங்க, பைப் ஒடஞ்சு ஒடஞ்சு சாம்பல் கழிவெளில படிஞ்சிருக்கு. கால வெச்சா முழங்கால் வரைக்கும் சாம்பக் கலர்ல வழவழன்னு இறங்கும், எடுத்தா பவுடர் மாதிரி காலோட ஒட்டிக்கிட்டு வரும். ஆழமா இருந்த இடம் மேடாயிடுச்சு. இது பத்தாதுன்னு தென் அமெரிக்காவுலருந்து வந்த ஒரு சிப்பி, இங்க காக்கா ஆழின்னு சொல்றாங்க, பாய் விரிச்ச கணக்கா அடில படந்து இறால் மேயுற சேத்தை மூடிடுது.

எண்ணெய் கதை தனி. 2017 ஜனவரி 28 விடியக்காலைல போர்ட்டுக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு, பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம். எர்ணாவூர் கரைல ஒதுங்கின எண்ணெயை மீனவப் பசங்களும் காலேஜ் பிள்ளைங்களும் பக்கெட்டால அள்ளினாங்க, பக்கெட்டாலம்மா, இவ்ளோ பெரிய போர்ட் இருக்கிற ஊர்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துலருந்து எண்ணெய் வந்து, நான் மேல சொன்ன அதே பக்கிங்ஹாம் கால்வாய் வழியா முகத்துவாரத்துக்கு இறங்கிச்சு. வலை, படகு, கண்டல் செடி எல்லாம் கறுப்பு. அந்த மாசமே 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் கம்பெனியோட கடலடி பைப்லருந்து அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துலருந்து எந்திரிச்சு ஓடினாங்க, கண்ணு எரிஞ்சு மூச்சு முட்டி ஆஸ்பத்திரில சேந்தாங்க.

சரி, வாங்கலாமா? கடல்ல பிடிச்சு வர்றதை காசிமேட்டுல தாராளமா வாங்குங்க. கழிவெளி இறால், நண்டு, மட்டி இதையெல்லாம் தினமும் சாப்பிடுற பழக்கம் வெச்சுக்காதீங்க, சாம்பல்ல இருக்கிற ஈயம் காட்மியம் மாதிரி உலோகம் சேத்துலயே மேயுற ஜீவனுக்குள்ள சேரும், குறிப்பா மட்டி. இதை எழுதவே கஷ்டமா இருக்கு, ஏன்னா இதைப் படிச்சு நீங்க வாங்காம விட்டா நஷ்டம் அந்தப் பறி வெச்சிருக்கிற அம்மாவுக்குதான், சாம்பல் விட்டவனுக்கு ஒண்ணும் ஆகாது.

விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு, எண்ணூர் பக்கம் சின்னதா ஒரு மனை வாங்கிப் போடலாமா? புரோக்கர் ‘போர்ட் வளருது சார், ரேட் ஏறிடும்’னு அவசரப்படுத்துறாரு.
- ரிட்டயர் ஆகப்போகும் வாசகர், வியாசர்பாடி

புரோக்கருக்கு என்னைக்குதான் அவசரம் இல்ல? மெட்ரோ 2021-ல வந்தது நல்லதுதான், ஆனா அதுக்கு வடக்க போக இன்னும் கும்மிடிப்பூண்டி லோக்கல்தான், இல்லன்னா கன்டெய்னர் லாரிக்கு நடுவுல பஸ். மொதல்ல வில்லங்கத்தோட சேத்து அந்த சர்வே நம்பர் கடலோர ஒழுங்குமுறை மண்டல மேப்புல எங்க வருதுன்னு பாருங்க, ஆத்தோரம்னா இன்னும் ஜாக்கிரதையா. உப்பளத்தையும் சதுப்பையும் மண்ணடிச்சு மேடாக்கின இடம் நிறைய இருக்கு. பூண்டி ஏரி நிரம்பி ஷட்டரைத் திறந்தா அந்தத் தண்ணி முழுக்க கொசஸ்தலைல இறங்கி எண்ணூர் வழியாதான் கடலுக்குப் போகணும், வேற வழி இல்ல, முகத்துவாரம் மணல் மூடியிருந்தா நின்னுடும். அதனால வெயில் காலத்துல மனை பாக்காதீங்க. நவம்பர் கடைசில ஒரு நல்ல மழைக்கு அடுத்த நாள் போங்க, புரோக்கரைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க, பக்கத்து வீட்டு அம்மாகிட்ட ‘2015-லயும் மிக்ஜாம்லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு’ன்னு கேளுங்க. சுவத்துல கோடு காட்டுவாங்க. அது உங்க இடுப்புக்கு மேல இருந்தா அட்வான்ஸ் குடுக்காம வந்துடுங்க.