நூலகம் இருந்தும் நிரல் ஓடவில்லையே!

கேள்வி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் இணையும் சி நிரல் ஒன்றை லினக்ஸில் எழுதியிருக்கிறேன். கம்பைல் செய்யும்போது (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும்போது) பிழை ஏதும் வருவதில்லை. ஓட்டினால் மட்டும், ‘லிப்பிக்யூ.எஸ்ஓ.5’ என்னும் நூலகக் கோப்பைத் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்பகுதிகள் கொண்டது) திறக்க முடியவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. நான் போஸ்ட்கிரெஸை நிறுவிய அடைவில் அந்தக் கோப்பு இருக்கிறது. கம்பைல் செய்தபோது கிடைத்த நூலகம் ஓட்டும்போது ஏன் கிடைப்பதில்லை?

பதில்: நூலகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதைத் தேடுவதுதான் வேறொன்று. கம்பைல் செய்யும்போது தேடுவது லிங்கர், அதாவது நிரலை நூலகத்துடன் இணைக்கும் கருவி. பெரிய எழுத்து ‘எல்’ தெரிவின் மூலம் நீங்கள் அடைவைக் காட்டியது அதற்கு மட்டுமே. லிங்கர் நிரலுக்குள் எழுதி வைப்பது நூலகத்தின் பெயரைத்தான். அது இருக்கும் பாதையை அல்ல. ஓட்டும்போது தேடுவது லோடர், அதாவது நிரலுக்குத் தேவையான நூலகங்களை நினைவகத்தில் ஏற்றும் கருவி. நிரலுக்குள் பாதை எதுவும் பதிக்கப்படாவிட்டால், எல்டி லைப்ரரி பாத் என்னும் சூழல் மாறியையும் (நிரல்கள் ஓடும்போது படிக்கும் அமைப்பு), எல்டிகான்ஃபிக் கட்டளை உருவாக்கி வைத்த பட்டியலையும், இயங்குதளத்தின் வழக்கமான நூலக அடைவுகளையும் தவிர வேறெங்கும் அது பார்ப்பதில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன், எல்டிடி கட்டளையிடம் நிரலின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். தேவையான ஒவ்வொரு நூலகமும் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எது கிடைக்கவில்லை என்பதை அது காட்டிவிடும். கணினியில் போஸ்ட்கிரெஸின் இரு பதிப்புகள் இருந்தால், தவறான பதிப்பு எடுக்கப்படுவதும் இதில் தெரியவரும். பிழைச்செய்தியே இல்லாமல் வரும் அந்தக் கோளாறுதான் அதிகம் அலைக்கழிப்பது.

கணினியிலுள்ள எல்லா நிரல்களுக்கும் அந்நூலகம் பயன்பட வேண்டுமானால், அதன் அடைவை எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவிலுள்ள ஒரு கோப்பில் எழுதி, ரூட் பயனராக (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாக) எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் நிரலுக்கு மட்டும் போதுமென்றால், லிங்க் செய்யும்போதே ஆர்பாத் தெரிவின் மூலம் பாதையை நிரலுக்குள் பதித்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். பிற நிரல்கள் எதுவும் அதனால் பாதிக்கப்படுவதில்லை. சூழல் மாறியைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை, கட்டளைகளை ஏற்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்தால், அங்கிருந்து இயக்கப்படும் தொடர்பில்லாத நிரல்களும் அந்த அடைவிலேயே முதலில் தேடத் தொடங்கும். செட்யுஐடி நிரல்களில் (யார் ஓட்டினாலும் கோப்பு உரிமையாளரின் அதிகாரத்துடன் ஓடுபவை), பாதுகாப்பு கருதி, லோடர் அந்த மாறியைப் பொருட்படுத்தாது.

கேள்வி: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 5.7 பதிப்புக்காகக் கம்பைல் செய்த நிரல் ‘லிப்மைஎஸ்கியூஎல்கிளையன்ட்.எஸ்ஓ.20’ கோப்பைக் கேட்கிறது. என்னிடம் 8.0-இன் ‘எஸ்ஓ.21’ மட்டுமே உள்ளது. பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாக்கினால் போதாதா?

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். கோப்புப் பெயரின் இறுதி எண் மாறுவது, முன்பே கம்பைல் செய்த பழைய இருமக் கோப்புகள் புதிய நூலகத்துடன் பொருந்தும் என்ற உறுதி இல்லை என்பதற்கான அறிவிப்பு. சிம்லிங்க் அந்த அறிவிப்பை மறைக்குமே தவிர, பொருத்தத்தை உண்டாக்காது; நிரல் தொடங்கிவிட்டாலும், பின்னர் முறிந்து விழலாம், அல்லது தவறான தரவைப் படிக்கலாம். 8.0-இன் ஹெடர் கோப்புகளை (நூலகத்திலுள்ளவற்றைக் கம்பைலருக்கு அறிவிப்பவை) கொண்டு மீண்டும் கம்பைல் செய்யுங்கள். ‘மை பூல்’ என்ற தரவு வகை அப்பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், மூலநிரலில் அது வரும் இடங்களில் ‘பூல்’ என்று மாற்ற வேண்டியிருக்கும்.